எண்ணும் இசையும்: தொலைக்காட்சி விளையாட்டுப் பொறியின் ஒலிச்சுற்று

ஒலி என்பது காற்றின் அசைவு. சங்கை ஊதுவோன் மூச்சும், வீணையின் தந்தியை மீட்டுவோன் விரலும், தவிலை முழக்குவோன் கழியும் காற்றை நேரே அசைக்க வல்லன. கணிக்கும் பொறிக்கோ மூச்சும் இல்லை, விரலும் இல்லை. அதனுள்ளே உள்ளவை எண்கள் மாத்திரமே. எண் எவ்வாறு காற்றை அசைக்கும்? இவ்வினாவுக்கு விடைகாண விழைவோர்க்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கு முன் சிறுவர் ஆடி மகிழ்ந்ததும், இன்று பரணிலோ அலுமாரியின் அடித்தட்டிலோ தூசுபடிந்து கிடப்பதுமாகிய ‘ரீவி கேம்’ என்னும் விளையாட்டுப் பொறியொன்றே போதும்.

இத்தகைய பொறியை மீண்டும் இயக்க முற்படுவோர் பலகாலும் கூறும் குறைகள் இரண்டு. ‘படம் வருகிறது, சத்தம் வரவில்லை’ என்பது ஒன்று. ‘சத்தம் வருகிறது, உறுமல் அதைவிடப் பெரிதாக வருகிறது’ என்பது மற்றொன்று. இவற்றைக் கேட்ட மாத்திரத்தே பொறி பழுதாயிற்று என முடிவுசெய்து எறிந்துவிடுதல் எளிது. ஆயினும், எண்களைக் கையாளும் மையப்பகுதி கெட்டிருக்குமாயின் படமே தோன்றாது என்பதைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். படம் செவ்வனே தோன்றுமிடத்து, குறை பெரும்பாலும் எண்ணுக்கும் காதுக்கும் இடையே நிற்கின்ற சில தடையிகளிலும் கொள்ளளவிகளிலும் தொடுமுனைகளிலுமே உள்ளது. விலையாற் சிறியனவாகிய இவ்வுறுப்புக்களே இசையை இசையாக்குகின்றன. எண் மாறாதிருப்பினும் இவை மாறின் இசை மாறும். இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறி வந்த வரலாறு

ஜப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ 1983 ஆம் ஆண்டு யூலை மாதம் 15 ஆம் நாள் ‘ஃபமிக்கொம்’ என்னும் வீட்டு விளையாட்டுப் பொறியை அந்நாட்டில் விற்பனைக்கு விட்டது. 1985 இல் அதுவே வேறோர் உருவத்தில் அமெரிக்காவை அடைந்தது. தென்னாசியச் சந்தைகளில் மிகுதியாகப் பரவியவை மூலப்பொறிகள் அல்ல. அவற்றைப் பின்பற்றிக் கிழக்காசியாவிற் செய்யப்பட்ட நகற்பொறிகளே. தாய்வானைச் சேர்ந்த யூ.எம்.சி. நிறுவனத்தின் 6527 வரிசைச் சில்லுகள் இவற்றுட் பலவற்றில் இடம்பெற்றன. பிற்காலத்து நகற்பொறிகளில் ஏறத்தாழ முழுப்பொறியுமே ஒற்றைச் சில்லாகச் சுருங்கி, கரிய பிசின் துளியொன்றின் கீழ் மறைந்துவிட்டது.

ஃபமிக்கொம் ஆசிய வீடுகளிற் பரவிய காலம் யாழ்ப்பாணத்துக்கு இருண்ட காலமாகும். 1990 இல் மீண்டும் மூண்ட போரோடு குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று; மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. தீவுப்பகுதி மக்களுட் பலர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். ஒளியும் ஒலியும் தரும் பொறிகள் அக்காலத்தில் நம்மூர்களில் வாழ வழியிருக்கவில்லை. ஆகவே வேறிடங்களிற் பழையதாகிவிட்ட இவ்விளையாட்டு, இங்கே காலந்தாழ்த்தியே புதுமையாக வந்து சேர்ந்தது.

ஐந்து குரல்கள்

மூலப்பொறியின் மையமாக விளங்குவது ரிக்கோ நிறுவனம் ஆக்கிய 2ஏ03 என்னும் சில்லு. கணிக்கும் பகுதியும் ஒலியை ஆக்கும் பகுதியும் இதனுள் ஒருங்கே உறைகின்றன. செக்கனுக்கு 1,789,773 முறை துடிக்கும் கடிகாரம் இதனை இயக்குகின்றது.

ஒலிப்பகுதிக்குக் குரல்கள் ஐந்து. முதலிரண்டும் சதுர அலைக் குரல்கள். பாட்டின் மெட்டைப் பெரும்பாலும் தாங்குவன இவையே. மூன்றாவது முக்கோண அலைக் குரல், பதினாறு படிகளில் இறங்கிப் பதினாறு படிகளில் ஏறுவது, கீழ்ச்சுரத்துக்கு உரியது. நான்காவது ஒழுங்கற்ற இரைச்சல். வெடியோசைக்கும் தாள ஓசைக்கும் உதவுவது. ஐந்தாவது, பதிவு செய்யப்பட்ட ஒலித்துணுக்குக்களை 128 படிகளில் வெளியிட வல்லது. சதுர அலைக்கும் இரைச்சலுக்கும் உரப்பு 0 முதல் 15 வரையான எண்களால் அமைகின்றது.

ஒரு சுரத்தின் மீடிறனை, அதாவது செக்கனுக்கு அது அதிரும் தடவைகளை, நிருணயிக்கும் முறை மிக எளிது. பொறியிற் பொறித்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அதனைப் பதினாறாற் பெருக்கி, வந்த தொகையாற் கடிகாரத் துடிப்பைப் பிரித்தல் வேண்டும். 253 எனப் பொறிப்பின், 254 ஐ 16 ஆற் பெருக்க 4,064 வரும். 1,789,773 ஐ அதனாற் பிரிக்க 440.4 கிடைக்கும். மேனாட்டு இசைவாணர் தம் கருவிகளைச் சுருதி சேர்க்கும் 440 ஹேர்ட்ஸ் என்னும் அளவுக்கு இஃது எத்துணை அண்மையது என்பதைக் காண்க. முக்கோண அலைக்குப் பதினாறுக்குப் பதிலாக முப்பத்திரண்டாற் பெருக்குதல் வேண்டும். ஆகவே அதே எண்ணை அங்குப் பொறிப்பின் 220.2 ஹேர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி தாழ்ந்த சுரம் ஒலிக்கும்.

இலங்கைத் தொலைக்காட்சி முறைக்கேற்பச் செக்கனுக்கு 50 படங்கள் காட்டுமாறு அமைக்கப்பட்ட நகற்பொறிகள் பலவற்றிற் கடிகாரம் 1,773,448 முறை துடிக்கின்றது. மேற்கூறிய சுரம் அங்கு 436.4 ஹேர்ட்ஸ் ஆகும். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. ஆனால் அடுத்த சுரத்துக்குரிய எண்ணை மாற்றும் வேலை, திரையில் ஒவ்வொரு படம் தோன்றும்போதும் ஒருமுறை நிகழ்வதே வழக்கம். ஜப்பானில் செக்கனுக்கு ஏறத்தாழ 60 படங்கள், இங்கே 50. ஆதலின் சுருதி ஏறக்குறைய நிலைத்து நிற்க, தாளகதி மட்டும் ஆறில் ஒரு பங்கு மந்தமாகிவிடுகின்றது. நகற்பொறியின் இசையைக் கேட்டு வளர்ந்தோர், மூலப்பொறியின் ஒலிப்பதிவைப் பின்னாளிற் கேட்கும்போது அது விரைந்தோடுவதாக உணர்தற்குக் காரணம் இதுவே. இவ்வளவும் எண்களின் நிலையில் நிகழ்வன. இனி எண் மின்னாக மாறும் வாயிலை நோக்குவோம்.

முதல் வாயில்: நூறு ஓம் தடையி

சில்லின் முதலாம் காலிலிருந்து இரு சதுரக் குரல்களும், இரண்டாம் காலிலிருந்து ஏனைய மூன்று குரல்களும் வெளிவருகின்றன. ஒவ்வொரு காலும் 100 ஓம் அளவுள்ள தடையியொன்றினூடாகப் பூச்சிய வோல்ற்றளவுக் கம்பியோடு இணைக்கப்பட்டுள்ளது. பார்வைக்கு அற்பமான இத்தடையியே எண்ணை ஒலிக்குரிய வோல்ற்றளவாக மாற்றுவதிற் பங்குகொள்கின்றது.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் தொட்டியொன்றிற் பல சிறு வாய்க்கால்கள் உள்ளனவாக எண்ணுக. உரப்பு 1 எனின் ஒரு வாய்க்கால் திறக்கும். 15 எனின் பதினைந்தும் திறக்கும். சில்லினுள் நிகழ்வது ஏறத்தாழ இதுவே. அளந்து ஆராய்ந்தோர் வகுத்த மாதிரியின்படி, ஒரு வாய்க்காலின் தடை 8,128 ஓம் எனக் கொள்ளலாம். பதினைந்து வாய்க்கால்கள் சமாந்தரமாகத் திறக்கும்போது மொத்தத் தடை 542 ஓம் ஆகக் குறையும். இத்தடையும் வெளியேயுள்ள 100 ஓம் தடையும் தொடராக நின்று 5 வோல்ற்றைப் பங்கிடுகின்றன. உயர்தர வகுப்பு மாணவர் அறிந்த அழுத்தப் பிரிப்பு விதிப்படி, 100 ஓம் தடையியின் குறுக்கே 0.78 வோல்ற் கிடைக்கும்.

இப்பொழுது இரண்டாவது சதுரக் குரலும் அதே உரப்போடு சேர்ந்து ஒலிப்பதாகக் கொள்வோம். திறந்த வாய்க்கால்கள் முப்பது. தடை 271 ஓம். கிடைக்கும் வோல்ற்றளவு 1.35. ஒரு குரலுக்கு 0.78 எனின் இரு குரல்களுக்கு 1.56 ஆதல் வேண்டுமன்றோ? அவ்வாறில்லை, பெருக்கம் 1.73 மடங்கே. இரு குரல்களும் ஒன்றையொன்று சிறிது நெருக்கிக்கொண்டே ஒலிக்கின்றன. எண்கணிதத்தில் பதினைந்தும் பதினைந்தும் முப்பது. மின்சுற்றிலோ முதலில் வந்தவனுக்குக் கிடைத்த பங்கு அடுத்து வந்தவனுக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாம் காலில் இந்நெருக்கம் இன்னும் கடுமையானது. ஐந்தாம் குரல் தன் உச்சமாகிய 127 இல் நிற்கும்போது, முக்கோண அலையின் வீச்சம் அதன் இயல்பான அளவில் ஏறத்தாழ 43 விழுக்காடாகக் குன்றிவிடும். முக்கோண அலைக்கு உரப்பைக் குறைக்கும் எண் சில்லில் இல்லை. ஒலித்தல், நிறுத்தல் என்னும் இரண்டே உள. ஆகவே இக்குறையையே கருவியாகக் கொண்டு, ஐந்தாம் குரலின் மட்டத்தை உயர்த்தி மூன்றாம் குரலைத் தணிக்கும் உபாயத்தை இசையமைப்போர் கைக்கொள்ளலாயினர். மின்சுற்றின் இயல்பை அறிந்தவர்க்கு அதன் குறையும் ஒரு குணமாயிற்று.

இரண்டாம் வாயில்: விரியலாக்கி

இவ்வாறு பெற்ற சிறு சைகையைப் பெருக்குதல் வேண்டும். அதற்கெனத் தனியான ஒலி விரியலாக்கியை ஃபமிக்கொம்மின் ஆக்கியோர் பயன்படுத்தவில்லை. 4069 என்னும் மலிவான சில்லொன்றை அமர்த்தினர். ஆறு நேர்மாறாக்கிகளைக் கொண்ட இச்சில்லு உண்மையில் தருக்கச் சுற்றுக்களுக்கு உரியது. உள்ளே 5 வோல்ற் இடின் வெளியே பூச்சியம் வரும். பூச்சியம் இடின் 5 வோல்ற் வரும். ‘ஆம்’ என்றால் ‘இல்லை’ என்பதும், ‘இல்லை’ என்றால் ‘ஆம்’ என்பதுமே இதன் தொழில். இத்தகையதொன்று இசையை எவ்வாறு பெருக்கும்?

கிணற்றுத் துலாவை நினைத்துப் பார்ப்போம். அஃது ஒருபுறம் முற்றச் சாய்ந்து கிடக்கும்போது சிறு விரலசைவு அதனை ஒன்றும் செய்யாது. சமநிலையில் நடுவே நிற்கும்போதோ, சிறு அழுத்தமும் அதன் நுனியைப் பெரிதும் அசைக்கும். நேர்மாறாக்கிக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு எல்லைகளுக்கு இடையே செங்குத்தான ஒரு நடுநிலை உண்டு. வெளிவாயிலிலிருந்து உள்வாயிலுக்குத் தடையியொன்றை இணைப்பின், சில்லு தன்னைத் தானே அந்நடுநிலையில், ஏறத்தாழ 2.5 வோல்ற்றில், நிறுத்திக்கொள்ளும். அந்நிலையில் உள்வாயிலில் நிகழும் சிறு மாற்றம் வெளிவாயிலில் பெருமாற்றமாகத் தோன்றும். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டை மட்டும் பேசுவதற்காகப் பிறந்த இலக்கமுறை உறுப்பு, இடையறாது ஏறியிறங்கும் ஒப்புமைச் சைகையைச் சுமக்கும் உறுப்பாக இங்ஙனம் மாறுகின்றது.

மூன்றாம் வாயில்: கொள்ளளவி

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ புறப்பட நிற்கும் படகை நோக்குக. கடலின் நீர்மட்டம் வற்றுக்கும் பெருக்குக்கும் ஏற்ப மெல்ல மாறுவது. அதன்மேல் எழும் அலைகளோ விரைந்து ஏறியிறங்குவன. விரியலாக்கியிலிருந்து வெளிவரும் சைகையும் அத்தகையதே. 2.5 வோல்ற் என்பது அதன் நீர்மட்டம். இசை அதன் அலை. தொலைக்காட்சிக்கு வேண்டுவது அலை மாத்திரமே, மட்டம் வேண்டப்படுவதில்லை. அலையைக் கடத்தி மட்டத்தைத் தடுக்கும் காவலாளி யாரெனின், அவரே இணைப்புக் கொள்ளளவி.

இக்காவலாளி எவ்வளவு மெதுவான அலைவரை கடத்துவார் என்பது கொள்ளளவத்தையும், அடுத்து நிற்கும் தடையையும் பொறுத்தது. பை என்னும் மாறிலியின் இருமடங்கு, தடை, கொள்ளளவம் ஆகிய மூன்றையும் பெருக்கி, ஒன்றை அப்பெருக்கத்தாற் பிரிக்க வரும் மீடிறனே எல்லை. எடுத்துக்காட்டாக, 10,000 ஓம் தடையும் 1 மைக்கிரோபரட் கொள்ளளவமும் அமையின் எல்லை ஏறத்தாழ 16 ஹேர்ட்ஸ் ஆகும். மனிதர் செவி கேட்கும் சுரங்கள் யாவும் தடையின்றிச் செல்லும். காலப்போக்கில் அக்கொள்ளளவி வறண்டு அதன் கொள்ளளவம் பத்தில் ஒன்றாகக் குறையின் எல்லை 159 ஹேர்ட்ஸுக்கு உயர்ந்துவிடும். அப்பொழுது 110 ஹேர்ட்ஸ் கொண்ட கீழ்ச்சுரமொன்று தன் வீச்சத்தில் 57 விழுக்காட்டையே பெறும். மெட்டு ஒலிக்கும், அதனைத் தாங்கும் அடிக்குரல் மெலிந்து போகும். ‘பழைய கம்பீரம் இல்லை’ என்று கேட்போர் உணர்வர், காரணத்தை அறியார்.

ஆக்கியோரே வேண்டுமென்று இவ்வெல்லையை மாற்றிய இடமும் உண்டு. ஃபமிக்கொம்மின் எல்லை ஏறத்தாழ 37 ஹேர்ட்ஸ். அமெரிக்காவுக்கு அனுப்பிய பொறியிலோ 90 ஹேர்ட்ஸிலும் 440 ஹேர்ட்ஸிலும் கீழ்ச்சுரத்தைக் குறைக்கும் இரு வடிகளும், 14,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட கூரிய ஒலியைக் குறைக்கும் ஒரு வடியும் இருந்தன. ஒரே விளையாட்டு, ஒரே எண்கள். எனினும் இரு நாட்டுச் சிறுவர் கேட்டது இருவகை இசை.

கசெற்றினூடாக ஒரு சுற்று

ஃபமிக்கொம்மின் ஒலிச்சைகை நேரே தொலைக்காட்சிக்குச் செல்வதில்லை. ஒரு விந்தையான வழி அதற்கு வகுக்கப்பட்டுள்ளது. விளையாட்டுக் கசெற்றைச் செருகும் இடத்தில் 60 தொடுமுனைகள் உள்ளன. அவற்றுள் 45 ஆம் முனையாற் சைகை கசெற்றினுட் புகுந்து, 46 ஆம் முனையால் மீண்டு வருகின்றது. பெரும்பாலான கசெற்றுக்களில் இவ்விரு முனைகளும் ஒன்றோடொன்று நேரே இணைக்கப்பட்டிருக்கும்.

இவ்வமைப்புக்குக் காரணம் யாது? கசெற்றினுள் மேலதிகமாக ஓர் ஒலிச்சில்லை வைப்பின், அதன் குரல்களும் இவ்வழியிற் கலந்து வெளிவரலாம். கொனாமி நிறுவனம் 1989 இல் ஜப்பானில் வெளியிட்ட ‘அக்குமாஜோ தென்செற்சு’ என்னும் விளையாட்டில் இரு சதுரக் குரல்களையும் ஒரு வாட்பல் அலைக் குரலையும் சேர்க்கும் சில்லு இருந்தது. அதே விளையாட்டு 1990 இல் வேறு பெயருடன் அமெரிக்காவுக்குச் சென்றபோது, அந்நாட்டுப் பொறியின் கசெற்றுத் தொடுப்பில் இவ்வொலிவழி இருக்கவில்லை. எட்டுக் குரல்களுக்கு அமைந்த இசையை ஐந்து குரல்களுக்குள் ஒடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கம்பி வழி இல்லாமையால் மூன்று குரல்கள் கடலைக் கடக்கவில்லை.

இவ்வமைப்பைப் பின்பற்றிய நகற்பொறிகளைப் பழுதுபார்ப்போர்க்கு இதிலிருந்து பயன்மிக்க ஒரு குறிப்புக் கிடைக்கின்றது. அறுபது முனைகளுள் இவ்விரண்டில் ஒன்று மட்டும் களிம்பேறினாலும் விளையாட்டு முறையே நடக்கும். படம் துல்லியமாகத் தோன்றும். ஒலி மட்டும் முற்றாக மறையும். வேறு கசெற்றைச் செருகியவுடன் ஒலி திரும்புமாயின், குறை பொறியில் இல்லை. முதற் கசெற்றின் தொடுமுனையில் உள்ளது. மதுசாரம் தோய்த்த பஞ்சாற் துடைப்பதே அதற்கு மருந்து.

தொலைக்காட்சியின் வாயில்

மூலப்பொறியிலும் நகற்பொறிகள் பலவற்றிலும் படமும் ஒலியும் வானொலி அலையின் மேல் ஏற்றப்பட்டு, அன்ரெனாக் கம்பி வழியே தொலைக்காட்சிக்குள் செல்கின்றன. பொறியானது சிறியதோர் ஒளிபரப்பு நிலையமாகத் தொழிற்படுகின்றது எனலாம். படத்தின் காவியலைக்கும் ஒலியின் காவியலைக்கும் இடையே குறித்த இடைவெளி இருத்தல் வேண்டும். ஜப்பானிய முறையில் அவ்விடைவெளி 4.5 மெகாஹேர்ட்ஸ், இலங்கை கைக்கொண்ட முறையில் 5.5 மெகாஹேர்ட்ஸ். ஆதலின் உறவினர் ஒருவர் ஜப்பானிலிருந்து மூலப்பொறியையே கொண்டுவந்து கொடுப்பினும், பழைய உள்ளூர்த் தொலைக்காட்சி அதன் ஒலியைத் தேடவேண்டிய இடத்திற் தேடாது. அங்குள்ள வீட்டு மின்சாரம் 100 வோல்ற் என்பதையும், நம்முடையது 230 வோல்ற் என்பதையும் மறந்து அதன் மின்மாற்றியை நேரே செருகுவோர் பொறியையே இழப்பர். விலை குறைந்த நகற்பொறி, உயர்ந்த மூலப்பொறியினும் நம்மவர்க்குப் பயன்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மின்வழங்கலும் உறுமலும்

இசைக்கு மேலாக ஒலிக்கும் உறுமலின் பிறப்பிடம் பெரும்பாலும் மின்வழங்கலே. இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தார்க்குச் சொந்த அனுபவமே ஆசானாக உள்ளது. 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் மின்கலமும் கிடையாதபோது, துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலி கேட்டது நம் சமூகம். டைனமோ தருவது திசைமாறி ஓடும் மின். வானொலி வேண்டுவது ஒரே திசையில் ஓடும் மின். இருவாயிகள் சில அம்மின்னை ஒரு திசைக்குத் திருப்பும். பெரிய கொள்ளளவியொன்று அதன் மேடுபள்ளங்களை நிரப்பும். கொள்ளளவி சிறிதாயின், செய்தி வாசிப்போரின் குரலோடு சில்லின் சுழற்சியும் சேர்ந்து ஒலிக்கும். செய்தி அறிதல் உயிரோடு தொடர்புற்றிருந்த அந்நாள்களில், இவ்வறிவு நூலறிவாக அன்றி வாழ்வறிவாக விளங்கிற்று.

விளையாட்டுப் பொறியின் மின்மாற்றிப் பெட்டியிலும் இதே தத்துவந்தான். 50 ஹேர்ட்ஸ் வீட்டு மின், முழுமையாகத் திருப்பப்பட்டபின் செக்கனுக்கு 100 முறை மேடுபள்ளமாகின்றது. பொறி 0.3 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்குமாயின், 1,000 மைக்கிரோபரட் கொள்ளளவியில் அப்பள்ளத்தின் ஆழம் 3 வோல்ற் வரை செல்லலாம். உள்ளே 7805 என்னும் சீராக்கி 5 வோல்ற்றை நிலையாகத் தரக் காத்திருக்கின்றது. ஆனால் அதற்கு உள்வாயிலில் ஏறத்தாழ 7 வோல்ற்றாவது வேண்டும். பள்ளம் அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு கணத்திலும் சீராக்கி கைவிடுகின்றது; 100 ஹேர்ட்ஸ் உறுமல் விரியலாக்கியினுட் புகுந்து இசையோடு சேர்ந்து பெருகுகின்றது. மின்மாற்றிப் பெட்டியின் கொள்ளளவி முதிர்ந்து வற்றும்போது இக்குறை மிகும்.

நயினாதீவும் நெடுந்தீவும் தேசிய மின்வலையமைப்போடு கம்பியால் இணைக்கப்படாது, தத்தம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நெடுங்காலம் நம்பி வாழ்ந்த தீவுகள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்று, சூரியஒளி, மின்கலம் ஆகியன சேர்ந்த கலப்பு மின்தொகுதிகளை இந்திய நன்கொடையுடன் அமைப்பதற்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மின்பிறப்பாக்கியின் மேற் சுமை ஏறும்போது வோல்ற்றளவு தாழ்தல் சிறு மின்தொகுதிகளின் இயல்பு. வோல்ற்றளவு தாழின் மேற்கூறிய பள்ளம் 7 வோல்ற் எல்லையை எளிதில் தீண்டும். ஆகவே பகலில் தெளிவாக ஒலித்த பொறி, வீடெங்கும் விளக்கேற்றும் மாலைப்பொழுதில் உறுமுமாயின், அதன் சில்லைக் குறைகூறுதல் தகாது.

கடற்காற்றின் செயல்

தீவுகளில் மின்பொறிகளுக்கு மற்றுமொரு பகை உண்டு, அதுவே உப்புக்காற்று. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது கறியுப்பு நீரை உறிஞ்சித் தானே கரைசலாகும். சுற்றுப்பலகையின் மேற் படிந்த உப்புத்தூசு இவ்வாறு கரைந்து, செப்புப் பாதைகளுக்கிடையே மின்கடத்தும் மெல்லிய படலமாகின்றது. எண்களைச் சுமக்கும் பாதைகள் இதனைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஏனெனில் அங்கு வினா ‘ஆமா, இல்லையா’ என்பது மாத்திரமே. சிறு பிழை அவ்வினாவின் விடையை மாற்றாது. ஒப்புமைச் சுற்றிலோ ஒவ்வொரு சிறு பிழையும் அதே அளவில் ஒலியிலே தோன்றும். கசிவு கரகரப்பாகும், களிம்பு மௌனமாகும். முதுமை முதலில் ஒலியிற் காணப்படுவதன் காரணம் இதுவே. மின்பகுபொருட் கொள்ளளவிகளின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை உயரும்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஓட்டுக்கூரையின் கீழ்ப் பரணிற் கிடக்கும் பொறி, இயங்காதிருந்தும் முதுமை எய்துகின்றது.

ஆராயும் முறை

குறையை ஆராயப் புகுவோர் காதிலிருந்து எண்ணை நோக்கி ஒவ்வொரு வாயிலாகச் செல்லுதல் நன்று. முதலில் வேறு கம்பியையும் வேறு கசெற்றையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். பின்னர் தொடுமுனைகளைத் துடைத்தல் வேண்டும். உறுமல் உளதாயின் அதே வோல்ற்றளவும் முனைத்திசையுமுடைய வேறு மின்மாற்றிப் பெட்டியை இணைத்துப் பார்த்தல் வேண்டும். அதன்பின் பலகையிலுள்ள மின்பகுபொருட் கொள்ளளவிகளை அவற்றின் கூட்டல், கழித்தற் குறி மாறாதவாறு புதியவற்றால் மாற்றலாம். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். அன்றேல் எது மருந்தாயிற்று என்பது தெரியாது. மின்மாற்றிப் பெட்டியைச் செருகியபடியே திறத்தலும், பழைய குழாய்த் தொலைக்காட்சியின் பின்மூடியைக் கழற்றுதலும் உயிருக்கு ஆபத்தானவை. மாணவர் அவற்றை ஒருபோதும் செய்யலாகாது.

காத்தற்குரியது யாது?

பழைய விளையாட்டுக்களின் எண்கள் இன்று கணினிகளிற் படியெடுத்துக் காக்கப்படுகின்றன. பழைய பொறியைப் போன்று நடிக்கும் நிரல்களும் உள. எண்களை மட்டும் கொண்டு அவற்றாற் பழைய இசையைத் தர இயலவில்லை. நூறு ஓம் தடையியின் நெருக்கத்தையும், வடிகளின் எல்லைகளையும் ஒருவர் அளந்து வாய்பாடாக எழுதிய பின்னரே அவ்விசை உருவம் பெற்றது. மூலப்பொறிக்கு இவ்வாறு அளந்தோர் பலர். நகற்பொறிகளோ ஆக்கியோர்க்கு ஆக்கியோர் வேறுபட்டவை. சிலவற்றிற் சதுர அலையின் கால்பங்கு, அரைப்பங்கு வடிவங்களே இடமாறியுள்ளன. சுரம் அதுவே, குரலின் நிறம் வேறு. வரைபடமின்றி விற்கப்பட்ட அப்பொறிகளின் வழியாகவே நம்மூர்ச் சிறுவர் இவ்விசையைக் கேட்டனர். அவர்கள் கேட்ட மந்தமான தாளகதியும், மெலிந்த அடிக்குரலும், இடைக்கிடை எழுந்த உறுமலும் எந்தக் கசெற்றின் எண்ணிலும் எழுதப்படவில்லை. அவை அப்பலகைகளில் மட்டுமே உள்ளன.

பாடசாலை விஞ்ஞான மன்றமொன்று இத்தகைய பொறிகள் நான்கைந்தைச் சேர்த்து, அவற்றின் ஒலிச்சுற்றை வரைந்து, தடையிகளின் நிறவளையங்களை வாசித்து, கொள்ளளவிகளை அளந்து, பழுதுநீக்குமுன்னும் பின்னும் ஒலியைப் பதிவுசெய்து வைக்குமாயின், அஃது ஆண்டுமலருக்கேற்ற நல்லதோர் ஆய்வாகும். அதற்கு வேண்டுவன ஒரு பல்மானியும், ஒரு பற்றாசுக்கோலும், ஓமின் விதியுமே. படகேறிப் பட்டினம் சென்றுதான் பழுதுபார்க்க வேண்டும் என்னும் நிலையிலுள்ள தீவு மாணவர்க்கு, தம் வீட்டுப் பொறியைத் தாமே பேசவைக்கும் ஆற்றலும் இதனாற் கிட்டும். பொறியின் மௌனத்துக்குப் பலகாலும் காரணமாவது விலை குறைந்த கொள்ளளவி ஒன்றே. அதனை அறிந்தவன் கையில் அது மீண்டும் பாடும்.